கோடை

வெயில் காலத்தைக் கோடை என்கிறோம். பழந்தமிழில் அது மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கும் பெயர். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல். திசையையும் காலத்தையும் ஒரே சொல்லில் பிடித்த அழகு இது.

பூமி சூரியனை நெருங்குவதால் கோடை வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மிக நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில், தருமபுரியில் பனி இறங்கும் நாட்களில். புவியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதே பருவங்களுக்குக் காரணம். அந்தச் சாய்வால் தருமபுரியின் உச்சிக்கு நேரே சூரியன் ஆண்டில் இருமுறை வருகிறது: ஏப்ரல் 22-ஐ ஒட்டி, பிறகு ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி. முதல் முறை அனல். இரண்டாவதில் தென்மேற்குப் பருவமழை மேகங்கள் சூட்டைத் தணிக்கின்றன. அந்த நாட்களின் நண்பகலில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு நிழலைப் பாருங்கள்.