அச்சும் மையும்

தமிழ்நாட்டுப் பெருவழிகளில் பாரம் ஏற்றிச் சென்ற வண்டிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழஞ்சான்றுகளில் உமணர்களுடைய உப்பு வண்டிகளுக்குத் தனி இடம் உண்டு. நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை மேட்டிலும் பள்ளத்திலும் பல நாள் ஓட்டிச் சென்று உள்நாட்டு ஊர்களில் நெல்லுக்கு மாற்றி வந்த அவ்வணிகர்கள், வழியில் எந்த இடத்தில் அச்சு முறியும் என்பதை முன்கூட்டி அறிய முடியாத காரணத்தால், வண்டியின் அடிமரத்திலே மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு போனார்கள். இந்தச் சேம அச்சை அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கி ஔவையார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 102-ஆம் செய்யுளாக இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வண்டியின் உருளியையும் ஆரத்தையும் பாரையும் ஒவ்வொன்றாக வர்ணித்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், வண்டியின் உறுப்புகளைக் கூர்ந்து கவனிப்பது தச்சருக்கு மட்டும் உரிய காரியமாக அக்காலத்தில் இருக்கவில்லை என்பது விளங்கும்.

மர அச்சுக்கு முறிவே பெரும்பகை; அந்தப் பகைக்கு மாற்று அச்சு ஒன்றைக் கூடவே கொண்டுபோவது போதுமான பரிகாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாலைகள் சீர்பட்டு, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இரும்புச் சட்டங்கள் மலிந்து, சேலத்துக் கஞ்சமலைப் பக்கத்தில் மரக்கரி உலையில் உருக்கி வந்த நாட்டிரும்பின் வியாபாரம் நசிக்கத் தொடங்கிய காலத்தில், கிராமத்து வண்டிகளிலும் இரும்பு அச்சு பரவலாயிற்று. இருசு என்று வண்டிக்காரர்கள் வழங்கும் இந்த அச்சு, மரத்தைவிட மெலிதாக இருந்தும் அதிக பாரம் தாங்கியது. அதன் முனை மெலிந்திருந்ததால் உராய்வும் குறைந்து, மாடுகளின் சிரமமும் தணிந்தது. ஆனால் முறிவு என்னும் பழைய பகை விலகிய இடத்தில் துரு என்னும் புதிய பகை வந்து அமர்ந்தது. துருவுக்குச் சேம அச்சு மருந்தாகாது. வேலையின்றி மழையிலும் பனியிலும் தொங்கிக்கொண்டிருக்கும் அச்சைத்தான் துரு முந்திப் பற்றும். ஆகையால், இரும்பை ஏற்றுக்கொண்ட நாள் முதல் வண்டிக்காரன், மாற்றுப் பொருளைச் சுமந்து செல்வதை விட்டு, இருக்கும் பொருளைத் தவணை தவறாமல் பரிபாலிக்கும் சம்பிரதாயத்துக்கு வந்து சேர்ந்தான்.

அந்தப் பரிபாலனத்தின் முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நலம். களத்து வேலை ஒழிந்த நாட்களில் வண்டிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, கடையாணியைத் தட்டி எடுத்து, சக்கரத்தை மெல்ல அசைத்துக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டால், அச்சின் முனையில் பழைய மை, புழுதியோடு கலந்து கெட்டித்து அப்பியிருப்பது தெரியும். இதன்மேலேயே புது மை பூசி வேலையை முடித்துக்கொள்பவன் சோம்பேறி என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதற்குத் தக்க காரணம் இருந்தது. மையில் சிக்கிய மணல், சக்கரம் சுற்றுந்தோறும் அரம்போல் நின்று இரும்பை அராவும். பழைய அப்பலைத் தகட்டால் சுரண்டி, தேங்காய் நாரில் மண்ணெண்ணெயைத் தொட்டு அழுத்தித் துடைத்து, சக்கரக் குடத்தின் உட்புறத்தையும் கோலில் சுற்றிய துணியால் வழித்தெடுத்த பிறகே துருவின் உண்மையான அளவு வெளிப்படும். மேலோடு சிவந்த துருவாயின் செங்கல் துண்டும் மணலும், பிற்காலத்தில் உப்புத்தாளும், அதைப் போக்கப் போதும். செதிளாக உரிந்து குழி விழுந்திருந்தால், அச்சு கொல்லனுடைய பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே அவன் அதைத் தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் தட்டி, கணீரென்று ஒலிக்கிறதா, விரிசல் கண்டு மழுங்கிய ஓசை தருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பான்.

சுத்தம் செய்த இரும்பை வெறுமனே விட்டுவைக்கலாகாது. காற்றின் ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்து ஒரே இரவில் அதன்மேல் செந்நிறம் ஏற்றிவிடும். ஆகவே அதைச் சற்றே சூடாக்கி ஈரம் போக்கி, விளக்கெண்ணெய் தடவி, அதன் பின்னரே வண்டி மை இடுவார்கள். வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, நன்றாகப் பொடித்து, விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்யும் இந்த மை பார்வைக்கு எளிய பொருளாயினும், அதனுள்ளே நெடுநாள் அநுபவம் அடங்கியிருந்தது. மற்ற எண்ணெய்களைவிடக் கனமான விளக்கெண்ணெய் இரும்போடு ஒட்டி நிற்கும் இயல்புடையது. கரித்தூளோ வெயிலில் அது இளகி வழிந்துவிடாதபடி தாங்கிப் பிடிக்கும். தூரப் பிரயாணம் போகும் வண்டியின் அடியில் மை நிரப்பிய மூங்கில் குழாய் ஒன்று தொங்கிக்கொண்டே போகும்.

அச்சின் எல்லாப் பகுதிக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது என்பதையும் இத்தொழிலில் பழகியவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். குடத்துக்குள் சுழற்சியைத் தாங்கும் முனைக்கு மையே கவசம். அங்கே வர்ணமோ கீலோ பூசினால் அது உரிந்து மையோடு கலந்து தீங்கு செய்யும். நடுப்பகுதி அச்சுக்கட்டையின் மரத்துக்குள் பதிந்து கிடப்பதால் அதன் நிலைமை வேறு. மழைக்காலத்தில் மரம் குடித்த ஈரம் எளிதில் ஆறாது. கருவேல மரத்தின் துவர்ப்பு அந்த ஈரத்தில் ஊறி இரும்பைக் கறுக்கச் செய்யும். வெளியே காணப்படும் துருவைவிட, கண்ணுக்குப் படாத இவ்விடத்துத் துருவே ஆபத்தானது. ஏனெனில் இரும்பு துருவாக மாறும்போது பருமன் கூடி, மரத்தை உள்ளிருந்தே நெக்குவிடச் செய்யும். எனவே அச்சைப் பெயர்த்தெடுத்த சமயத்தில் மறைந்திருக்கும் பகுதிக்குக் கீல் பூசி, அது உலர்ந்த பின்னரே மீண்டும் பதிப்பது விவேகம். கடற்கரை ஓரத்தில் உப்பு ஏற்றும் வண்டிகளுக்கு இந்த ஜாக்கிரதை இருமடங்கு வேண்டியிருந்தது. ஈரத்தில் கரைந்த உப்பு, துருப்பிடிக்கும் வேகத்தைப் பன்மடங்கு பெருக்கிவிடும்.

ஓடும் அச்சுக்குத் தேய்மானமும் நிற்கும் அச்சுக்குத் துருவும் விதிக்கப்பட்டிருக்கின்றன என்பதற்குக் கோயில் தேர்களே சிறந்த திருஷ்டாந்தம். ஆண்டில் ஒரு நாளோ சில நாட்களோ மட்டும் வீதியில் உருண்டு, மற்றக் காலமெல்லாம் நிலையில் நிற்கும் தேருக்கு, விழாவுக்கு முன் சக்கரமும் அச்சும் பரிசோதிக்கப்படுவது இன்றியமையாத கைங்கரியம். திருவாரூர் ஆழித்தேரின் சரித்திரத்தில் இது தெளிவாக விளங்கும். 1926-இல் பழைய தேர் தீக்கிரையாகி, 1930-இல் புதிய தேர் ஓடத் தொடங்கி, 1948-க்குப் பிறகு ஓட்டம் தடைப்பட்டு, 1970-இல் மீண்டும் அது வீதிக்கு வந்தபோது, திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தார் செய்தளித்த இரும்புச் சக்கரங்களையும் அச்சுகளையும் நீர்விசைத் தடையையும் பெற்றிருந்தது. அலங்காரத்தோடு 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உடைய ஒரு தேரை, முட்டுக்கட்டை போடுபவரின் கைத்திறனோடு எந்திரசாலையின் கணக்கும் சேர்ந்து தாங்கத் தொடங்கியது இப்படித்தான்.

இந்த அறிவு ரயில் பாதைக்கும் புறம்பானதாக இருக்கவில்லை. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிற்று. கனிம எண்ணெய் மலிந்து வருவதற்கு முன், மாட்டு வண்டிக்கு உதவிய அதே விளக்கெண்ணெய், இந்திய ரயில்களின் அச்சுகளுக்கும் எந்திரங்களுக்கும் மசகாக உபயோகப்பட்டது. பின்னர்க் காற்றடைத்த சக்கரங்களோடு டயர் வண்டி வந்து, குண்டுத் தாங்கிகள் அச்சின் முனையை மூடிக்கொண்டபோது, வைக்கோல் கரியின் இடத்தை டப்பாவில் வரும் கிரீஸ் பிடித்தது. கடையாணியைத் தட்டி அச்சின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் வீட்டு வாசலை விட்டுப் பட்டறைக்குப் போய்விட்டது. சௌகரியம் பெருகிற்று என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மூடிய தாங்கிக்குள் நீர் புகுந்தால், சத்தம் கேட்கும் வரையில் உரிமையாளருக்கு ஒன்றும் தெரியாமல் போவதும் அச்சௌகரியத்தின் விளைவே.

இன்று பழைய ஊர்தி ஒன்றைப் புதுப்பிப்பவர், கழற்றிய அச்சைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு நீங்கிய அன்றே செவ்வர்ணம் பூசி, தாங்கி உட்காரும் இடத்தை மட்டும் வர்ணம் படாமல் துணி சுற்றிக் காத்து, அங்கே கிரீஸ் தடவிப் பொருத்துகிறார். சாதனங்கள் மாறினவே ஒழிய, எதைச் சுரண்டுவது, எதை மூடுவது, எதை வழவழப்பாகவே வைத்திருப்பது என்னும் பாகுபாடு, கிராமத்து வண்டிக்காரனும் கொல்லனும் கண்டு தந்த பாகுபாடுதான். அதை அறிந்தவன் கையில் பழைய அச்சு இன்னொரு தலைமுறைக்கும் உழைக்கும்.