அடைக்கலம் முதல் வாடகை வீடு வரை

ஒரு தொண்டு நிறுவனத்தின் கொள்கை என்னன்னு தெரிஞ்சுக்கணுமா? சுவரில் மாட்டிய வாசகத்தை விடுங்க, காசு எதற்குப் போகிறது என்று பாருங்க. மனநலச் சேவையில் இதற்கு நல்ல உதாரணம் சென்னையின் 'தி பேனியன்'. பெயருக்கு ஆலமரம் என்று பொருள்.

1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் இதைத் தொடங்கினார்கள். மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்குத் தங்க இடம், சிகிச்சை, குணமானால் ஊர் திரும்ப வழி. அந்த இல்லத்துக்கு 'அடைக்கலம்' என்று பெயர்.

ஆனால் அடைக்கலம் என்ற சொல்லுக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கட்டிவைத்ததும் பாதுகாப்பு என்ற பெயரில்தான்.

சங்கிலியே இல்லாத நல்ல இல்லத்திலும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. குணமான பிறகும் கூட்டிப்போக ஆளில்லாமல் வருஷக்கணக்கில் தங்கிவிட்டவர்கள். அவர்களுக்காக 2015-ல் 'ஹோம் அகெய்ன்' வந்தது. சாதாரணத் தெருவில் வாடகை வீடு, அதில் நாலைந்து பேர், துணைக்கு அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு உதவியாளர். என்ன சமைப்பது, எப்போது கடைக்குப் போவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. கிராண்ட் சேலஞ்சஸ் கனடா இதற்கு நிதி கொடுத்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டி நூலில் இதை முன்மாதிரியாகச் சேர்த்தது. வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவும் சொல்கிறது.

எங்க தர்மபுரிக்கு இது புதுசில்லை. அதே 1993-ல் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே, சிட்லிங்கியில், மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அது பொது மருத்துவம், இது மனநலம். ஆனால் உதவி மக்கள் இருக்கும் இடத்துக்கு வரணும், அந்த ஊர் ஆளே அதைச் செய்யணும் என்ற எண்ணம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். இங்கிருந்து கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கூலி வேலை செய்யும் குடும்பம் மாசாமாசம் அவ்வளவு தூரம் போய்வர முடியுமா?

கட்டிடம் கட்டிக்கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். மாச வாடகைக்கும் மளிகைக்கும் கொடுத்தால் கல்வெட்டு கிடையாது. நன்கொடை கொடுப்பவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'குணமானவங்க அப்புறம் எங்க வாழப்போறாங்க?' அதற்கு வரும் பதில்தான் அந்த நிறுவனத்தின் கொள்கை.