ஈயக்குட்டையிலிருந்து ஏரிப் பூங்கா வரை: தைப்பிங் நிலவெளியும் தமிழரும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரப்பர்த் தோட்டத்தையே தொடக்கமாகக் கொள்வர். தோட்டங்கள் பெருகுவதற்கு முன்னரே உருவான நகரங்களும் அவற்றின் பொதுவெளிகளும் அவ்வரலாற்றில் உரிய இடம் பெறுவதில்லை. பேராக் மாநிலத்தின் தைப்பிங் நகரோரத்தில் ஏறத்தாழ 64 எக்டர் பரப்பில் அமைந்துள்ள ஏரிப் பூங்கா அத்தகைய பொதுவெளிகளுள் ஒன்று. புக்கிட் லாருட் மலைக்காட்டின் தொடர்ச்சி போலத் தோன்றும் இப்பூங்கா, உண்மையில் மனிதர் தோண்டிய பள்ளங்களைச் சூழ மனிதரே வளர்த்த சோலையாகும். இதனை ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொண்டு வாசிக்க இயலும் என்பதையும், அவ்வாசிப்பில் தமிழர்க்குரிய இடம் யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சுரங்க நிலம்

தைப்பிங் முன்னர் கிலியான் பாவ் என வழங்கியது. ‘கிலியான்’ என்னும் மலாய்ச் சொல் சுரங்கத்தைக் குறிக்கும். லாருட் வட்டாரத்தில் வெள்ளீயம் மிகுதியாகக் கிடைத்தமையால் சீனத் தொழிலாளர் பெருந்திரளாக வந்து குடியேறினர். சுரங்க உரிமையையும் நீர்வழிகளையும் பற்றிய பூசல், கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு குழுக்களுக்கிடையே 1861 முதல் 1874 வரை பல கட்டங்களாக நிகழ்ந்த லாருட் போர்களாக முற்றியது. 1874ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையை ஒட்டி அப்பூசல் ஓய்ந்தது. பிரித்தானியர் ஆட்சித் தலையீடும் தொடங்கியது. அதன் பின்னரே, ‘பேரமைதி’ எனப் பொருள்படும் தைப்பிங் என்னும் சீனப் பெயர் இந்நகருக்கு வழங்கலாயிற்று.

அக்காலத்துச் சுரங்கம் என்பது திறந்த பள்ளமேயாகும். மேல்மண்ணை அகற்றி, ஈயமணல் படிந்த அடுக்கை வெட்டியெடுத்து, ஓடுநீரில் அலசிப் பிரிப்பர். பள்ளத்தில் ஊறும் நீரை வெளியேற்றினாலன்றி வேலை நடவாது. இதற்கெனச் சீனர் சங்கிலி இறைப்பான்களைப் பயன்படுத்தினர். 1877இல் நீராவியால் இயங்கும் இறைப்பான் தைப்பிங்கில் அறிமுகமாயிற்று. ஈயம் தீர்ந்தபின் இறைப்பு நின்றது. ஊற்றும் மழையும் பள்ளங்களை நிரப்பின. தீபகற்ப மலேசியாவில் மழை மிகுந்த நகரம் எனப் பெயர் பெற்ற தைப்பிங்கில் இவ்வாறு குட்டைகள் உருவானதில் வியப்பில்லை. எஞ்சிய நிலமோ வளமிழந்த கழிவு மணலாயிற்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிவதே பாலை என்னும் இளங்கோவடிகளின் கருத்து இந்நிலத்திற்கும் பொருந்துவதாகும். ஆனால் இங்கு நிலத்தைத் திரித்தது வெயிலன்று, வணிகம்.

பூங்காவின் தோற்றமும் அதுபற்றிய கூற்றுகளும்

1880இல் இச்சுரங்க நிலம் பொதுப் பூங்காவாக்கப்பட்டது என்பர். பிரித்தானியர் ஆட்சிக்கால மலாயாவின் முதற் பொதுப் பூங்கா என்னும் சிறப்பும் இதற்கு உண்டு. பேராக் சீக்கியர் படையின் தலைவராக விளங்கிய கர்னல் இராபர்ட் சாண்டிலண்ட்ஸ் பிரவுட் வாக்கரே இக்கருத்தை முன்மொழிந்தவர் எனக் கூறப்படுகிறது.

இவற்றோடு வேறிரு செய்திகளும் வழிவழியாக எடுத்தாளப்படுகின்றன. நிலத்தை வழங்கித் திறந்து வைத்தவர் பேராக்கின் கடைசிச் சீனக் கப்பித்தானாகிய சுங் தாய் பின் என்பது ஒன்று. பூங்காவை உருவாக்கியவர் நகர அமைப்பாளர் சார்ல்ஸ் காம்ப்டன் ரீட் என்பது மற்றொன்று. முன்னவர் பிறந்தது 1879இல். பின்னவர் பிறந்தது 1880இல். ரீட் மலாயாவுக்கு வந்ததே 1921இல்தான். எனவே இவ்விருவர் பங்கும் பூங்காவின் தொடக்கத்திற்கு உரியதாக இருத்தல் இயலாது. பின்னைய வளர்ச்சிக்கே உரியதாகலாம். காலவரிசையை ஒப்பிட்டு நோக்காமல் ஒரு நூலிலிருந்து மறு நூலுக்குச் செய்திகளைப் பெயர்த்தெழுதுவதால் விளையும் இடர்ப்பாட்டிற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. இச்செய்திகள் யாவும் அதிகாரிகளையும் செல்வரையும் மட்டுமே பெயர் சுட்டுகின்றன என்பதும் கருதத்தக்கது.

தொடர்வண்டியும் தமிழரும்

பள்ளத்திலிருந்து எடுத்த ஈயம் கடற்கரையை அடைய வழி வேண்டும். 1885ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் தொடர்வண்டிப் பாதை இதுவே. இதனை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து முன்னோடித் தொழிற்படையினர் வரவழைக்கப்பட்டனர். பின்னாளில் தொடர்வண்டித் துறையின் எழுத்தர், நிலைய அதிபர் பணிகளில் யாழ்ப்பாணத் தமிழர் பெருமளவில் அமர்ந்தனர். தண்டவாளம் பேணும் உடலுழைப்பில் தமிழகத்திலிருந்து வந்தோர் ஈடுபட்டனர். அப்பாதை இன்று இல்லை. ஆயினும் கோலா செபேத்தாங் எனப் பெயர் மாறிய போர்ட் வெல்டில் பழைய நிலையப் பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் ஏனைய எழுத்துகளோடு தமிழெழுத்தும் இடம்பெற்றுள்ளது. பூங்காவின் வரலாற்றில் பெயர் பெறாத மக்களின் மொழி, அப்பூங்காவைத் தோற்றுவித்த ஈயம் சென்ற பாதையின் முடிவில் எழுதப்பட்டிருக்கிறது.

தூங்குமூஞ்சியும் பால்மரமும்

பூங்காவின் அடையாளமாக விளங்குவன 1884ஆம் ஆண்டளவில் நடப்பட்ட தூங்குமூஞ்சி மரங்கள். சாலையின் ஒருபுறம் வேரூன்றிய இவற்றின் கிளைகள் சாலையைக் கடந்து மறுபுற நீர்ப்பரப்பைத் தொடுமளவு தாழ்ந்துள்ளன. இம்மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதியாகும். மாலையில் இலைகள் மடிவதைக் கண்டு தமிழர் தூங்குமூஞ்சி என்றனர். மலாய்க்காரரோ அதே இயல்பு கருதி ‘ஐந்து மணி மரம்’ என்னும் பொருளில் ‘புக்குல் லீமா’ என்றனர். அயல்நாட்டு மரமொன்றை இரு மொழியினரும் ஒத்த நோக்கில் பெயரிட்டமை மொழியாசிரியர் கருதத்தக்க செய்தியாகும். பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தமையால் வேர்முடிச்சுகளின் வழி மண்ணில் தழைச்சத்தைச் சேர்ப்பது இம்மரத்தின் மற்றொரு பண்பு.

இதே காலப்பகுதியில் தென்னமெரிக்காவிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தின் வழியாக வேறொரு மரமும் இங்கு வந்தது. 1877இல் பேராக் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஹியூ லோ, கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். நம்மவர் பால்மரம் என்று அழைக்கும் அம்மரம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலையேற்றம் கண்டபோது, பல்லாயிரம் தமிழரைக் கங்காணி முறையில் மலாயாவுக்குக் கொணர்ந்தது. ஒன்று நகரத்தார்க்கு நிழலானது. மற்றொன்று தோட்டத்தார்க்கு வாழ்வும் தளையுமானது. பேராக் மண்ணில் இவ்விரு மரங்களையும் ஊன்றியது ஒரே பேரரசின் ஆட்சியாகும். ஆகவே பூங்காவின் வரலாற்றையும் தோட்டத்தின் வரலாற்றையும் தனித்தனியே பிரித்துக் கற்பித்தல் முழுமையாகாது.

போர்க் கல்லறை

பூங்காவைக் கடந்து புக்கிட் லாருட் நோக்கிச் செல்லும் சாலையில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறை அமைந்துள்ளது. இங்கு நினைவுகூரப்படும் 850க்கும் மேற்பட்ட வீரருள் 500க்கும் மேற்பட்டோர் இன்னார் என அறியப்படாதவர். சாலையின் ஒரு பக்கம் கிறித்தவ வீரரும், மறு பக்கம் இந்து, இசுலாமிய, கூர்க்கா வீரரும் அடக்கம் பெற்றுள்ளனர். 1941 திசம்பரில் வடமலாயாவைக் காக்கப் போரிட்ட படையில் இந்தியப் படைப்பிரிவுகள் பெரும்பங்கு வகித்தமையை இவ்வமைப்பே உணர்த்தும். பேரமைதி எனப் பெயர் பூண்ட நகரம், போர் முடிவில் பிறந்து மற்றொரு போரின் புதைநிலமும் ஆயிற்று.

முடிவுரை

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்பார். தைப்பிங் ஏரிப் பூங்காவை நிலமாக மட்டும் கண்டு பொழுதை மறந்தால், அது சுற்றுலாக் காட்சியாக நின்றுவிடும். பொழுதையும் சேர்த்துக் கண்டால், ஈயம், போர், தொடர்வண்டி, குடிபெயர்வு ஆகிய அனைத்தும் ஒரே நிலத்தில் தொடர்புற்றுத் தோன்றும். தமிழ்ப்பள்ளி மாணவரை இப்பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், ஏரி எவ்வாறு தோன்றியது, மரம் எங்கிருந்து வந்தது, கல்லறையில் உறங்குவோர் யாவர் என்னும் மூன்று வினாக்களையேனும் எழுப்புதல் வேண்டும். நூற்று நாற்பது ஆண்டு அகவையை எட்டிய மரங்கள் நெடுங்காலம் நில்லா. அவை வீழ்வதற்கு முன் அவற்றின் நிழலில் நின்று இவ்வரலாற்றைக் கற்பித்தல் நம் கடமையாகும்.