சிறப்புச் சார்பியல் கோட்பாடு

ஒன்றைப் பொறுத்து ஒன்று சீரான வேகத்தில் நகரும் இரு பார்வையாளர்கள் காலத்தையும் நீளத்தையும் அளந்தால், அந்த அளவுகள் எங்கே ஒத்துப்போகும், எங்கே மாறுபடும் என்பதை விளக்கும் இயற்பியல் கோட்பாடு சிறப்புச் சார்பியல். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிவந்த ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், 1905-இல் இதை வெளியிட்டார்.

சிக்கல் ஒளியில் தொடங்கியது. மேக்ஸ்வெல் 1860-களில் வகுத்த மின்காந்தச் சமன்பாடுகள் ஒளிக்கு ஒரு திட்டமான வேகத்தைத் தந்தன. அது எதைப் பொறுத்த வேகம் என்று சொல்லவில்லை. ஒளியைச் சுமக்கும் ஈதர் என்ற ஊடகம் வெளியெங்கும் நிறைந்திருப்பதாகவும் ஒளியின் வேகம் அதைப் பொறுத்ததே என்றும் அக்கால இயற்பியலர் கருதினார்கள். அப்படியானால் பூமி ஈதரை ஊடுருவிச் செல்லும்போது ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறவேண்டும். 1887-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கல்சனும் மோர்லியும் அந்த மாற்றத்தைத் தேடினார்கள், எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. ஈதரில் நகரும் பொருள்கள் சுருங்குவதாக ஃபிட்ஸ்ஜெரால்டும் லோரென்ட்சும் விளக்கினர். ஐன்ஸ்டைனோ ஈதரே தேவையில்லை என்றார்.

அவர் எடுத்துக்கொண்ட அடிப்படைகள் இரண்டே. சீரான இயக்கத்திலுள்ள எல்லாக் குறிப்பாயங்களிலும் இயற்பியல் விதிகள் ஒன்றே. வெற்றிடத்தில் ஒளியின் வேகம், அதை உமிழும் பொருள் எப்படி நகர்ந்தாலும், எல்லோருக்கும் நொடிக்கு 2,99,792 கி.மீ.

இவற்றிலிருந்து கிளைப்பவற்றுள் மிக ஆழமானது 'ஒரே நேரம்' என்பதன் சரிவுதான். நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும் கால நீட்டிப்பைப் பற்றியே பலரும் வியந்து பேசினாலும், கோட்பாட்டின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. ஓடும் ரயில் பெட்டியின் நட்டநடுவில் ஒரு விளக்கு மின்னுகிறது. பெட்டிக்குள் இருப்பவருக்கு முன்சுவரையும் பின்சுவரையும் ஒளி ஒரே நேரத்தில் தொடுகிறது. நடைமேடையில் நிற்பவருக்கு அப்படியில்லை: பின்சுவர் ஒளியை எதிர்கொண்டு வருகிறது, முன்சுவர் விலகி ஓடுகிறது, ஒளியின் வேகமோ இரு பக்கமும் ஒன்றே. ஆகவே பின்சுவரைத்தான் ஒளி முதலில் தொடுகிறது. இருவர் சொல்வதும் சரி. யார் கண்ணும் ஏமாறவில்லை. நகரும் பொருளின் நீளத்தை அளக்க அதன் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் குறிக்கவேண்டும் என்பதால், 'ஒரே நேரம்' ஆளுக்கு ஆள் மாறும்போது நீளமும் மாறுகிறது.

நகரும் கடிகாரம் மெதுவாக ஓடுவதை மியூவான்கள் காட்டுகின்றன. காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தைத் தாக்கும்போது உருவாகும் இத்துகள்களின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், இயற்பியலர் ஃபிரிஷும் ஸ்மித்தும் மணிக்கு ஏறக்குறைய 560 மியூவான்களை எண்ணினார்கள். அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தில் சுமார் 99.5 விழுக்காடு. கடல்மட்டம் வர 6.4 மைக்ரோநொடி ஆகும். அதற்குள் பெரும்பாலானவை சிதைந்து, முப்பது வாக்கில்தான் மிஞ்சியிருக்கவேண்டும். கிடைத்ததோ நானூறுக்கும் மேல். 1963-இல் வெளியான இந்த முடிவின்படி மியூவானின் கடிகாரம் கிட்டத்தட்ட 9 மடங்கு மெதுவாக ஓடியது. மியூவானோடு கூடவே பயணிப்பவருக்கு அதன் ஆயுள் மாறுவதில்லை. மலையின் உயரமே அவருக்கு 9-இல் ஒரு பங்காகக் குறுகிவிடுகிறது.

அதே 1905-இல் வெளியான இன்னொரு சிறு கட்டுரையில், ஓய்விலுள்ள பொருளின் நிறையே ஆற்றல் என்று ஐன்ஸ்டைன் காட்டினார். ஒரு கிராம் நிறைக்கு ஈடான ஆற்றல் சுமார் 90 லட்சம் கோடி ஜூல். வேகம் கூடினால் நிறை கூடும் என்று பழைய பாடநூல்கள் எழுதியதை இன்றைய இயற்பியலர் பெரும்பாலும் தவிர்க்கின்றனர்; கூடுவது ஆற்றலும் உந்தமும் என்பதே தெளிவான கூற்று. நிறையுள்ள பொருள் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க, தேவைப்படும் ஆற்றல் எல்லையின்றி ஏறுகிறது.

1908-இல் கணிதவியலர் மின்கோவ்ஸ்கி இடத்தையும் காலத்தையும் நாற்பரிமாணக் காலவெளியாக இணைத்தார். தனித்தனியே காலமும் நீளமும் மாறினாலும், இரு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட காலவெளி இடைவெளி எல்லாப் பார்வையாளருக்கும் ஒன்றே. ஈர்ப்பு இக்கோட்பாட்டுக்குள் அடங்காது. அதற்காக 1915-இல் பொதுச் சார்பியல் பிறந்தது. இரு கோட்பாடுகளின் விளைவும் ஒன்றுசேரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம் தன் வேகத்தால் நாளொன்றுக்கு 7 மைக்ரோநொடி பின்தங்குகிறது, ஈர்ப்பு குறைந்திருப்பதால் 45 மைக்ரோநொடி முந்துகிறது. மிஞ்சும் 38 மைக்ரோநொடியைத் திருத்திய பிறகே நம் கைபேசி இருக்குமிடத்தைச் சொல்கிறது.