சப்ரகமுவத் தோட்டங்களும் ஆங்கிலப் பாடநூலும்: ஒரு வரலாற்று நோக்கு

பாடநூலை மதிப்பிடுவோர் பொதுவாக அதன் சொற்றொகை, இலக்கண ஒழுங்கு, பயிற்சி வகை ஆகியவற்றையே அளவுகோலாகக் கொள்வர். இவை வேண்டியனவே. ஆயின், நூலைக் கையிலேந்தும் மாணவர் எவ்வரலாற்றின் வழியே வகுப்பறைக்கு வந்தனர் என்பதையும் நோக்காவிடின் மதிப்பீடு குறையுடையதாகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களை முன்னிறுத்தி இதனை விளக்க முற்படுகிறோம்.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை உள்ளடக்கவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தொழிலாளரின் அரசியல் வலுவைப் பறித்தமையால், அக்குறையை எதிர்க்கும் ஆற்றலும் நலிந்தது. பெரும்பாலான பிள்ளைகளின் கல்வி ஐந்தாம் வகுப்புடன் முடிவுற்றது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. 1980 இல் இலவசப் பாடநூல் வழங்கல் தொடங்கியது. ஆனால் 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றை இடம்பெயர்த்தன. ஆகவே இடைநிலைக் கல்வி இங்கு காலந்தாழ்ந்தும் தடைப்பட்டுமே வளர்ந்தது.

எனினும் ஆங்கிலம் தோட்டத்திற்குப் புதிதன்று. துரையின் பங்களாவிலும் தோட்டக் கந்தோரிலும் அது அதிகாரத்தின் மொழியாய் விளங்கிற்று. பெரட்டு, செக்ரோல், லயம் என அதன் சொற்களைத் தொழிலாளர் தம் நாவுக்கேற்ப மாற்றி வழங்கினர். கல்வியினூடாகவன்றி, வேலைவாங்கலினூடாக வந்த ஆங்கிலம் இது.

தீவு முழுவதற்கும் பொதுவான பாடநூலோ இவ்வேறுபாட்டைக் கணக்கிற் கொள்வதில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே வாழும் தோட்டப்பிள்ளை கடைத்தெருவிற் சிங்களம் பேசுகிறது. இரண்டாம் மொழி எனப்படும் ஆங்கிலம் அதற்கு நடைமுறையில் மூன்றாம் மொழியே. மூன்றாந் தரத்திலிருந்து இடையறாது கற்றவரையே மேல்வகுப்பு நூல்கள் எதிர்பார்க்கின்றன. ஆசிரியரில்லாத ஆண்டுகளுக்கு அவற்றில் இடமில்லை. சமமான நூல் சமமற்ற நிலைமைகளை இவ்வாறு மறைத்துவிடுகிறது; பரீட்சைத் தோல்வி மாணவரின் குறையாகத் தோற்றமளிக்கிறது.

மாணவர் நூலை வாளாவிருந்து ஏற்பவருமல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் அமெரிக்கப் பாடநூலொன்றின் ஓரங்களில் தம் வாழ்வுலகை எழுதியும் வரைந்தும் வைத்தமையைச் சுரேஷ் கனகராஜா தமது 1999 ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்துள்ளார்.

இதனால் தேயிலையும் இறப்பருமே பாடப்பொருளாதல் வேண்டும் என நாம் கருதவில்லை. தோட்டப்பிள்ளைக்குத் தோட்டத்தை மட்டுமே காட்டும் நூல் லயத்தின் சுவர்களுக்குள்ளேயே அதனை நிறுத்திவிடும். பெற்றோரின் சம்பளத் துண்டை வாசிக்கவும், அதன் கணக்கை வினவவும், அதற்கப்பாலுள்ள உலகை அறியவும் அந்நூல் எத்துணை துணைபுரிகின்றது என்பதே மதிப்பீட்டின் முதல் வினாவாதல் வேண்டும்.