ஒத்தும் மனோதர்மமும்

புதுச்சேரிப் பட்டணத்துக்கு மேற்கே, விழுப்புரம் செல்லும் சாலையில், சங்கராபரணி ஆற்றுக்கு அணித்தாக அமைந்த வில்லியனூரில், வைகாசிப் பிரம்மோத்ஸவ நாட்களில், பொழுது சாய்ந்து தீவட்டி ஏற்றிய பிறகு, கோகிலாம்பிகை சமேதரான திருக்காமீசுவரர் வீதிக்கு எழுந்தருளும்போது நடக்கும் நாகஸ்வரக் கச்சேரிக்கு மேடை கிடையாது. இத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்ற நியமமும் கிடையாது. சுவாமி நகர்ந்தால் மேளம் நகரும். சுவாமி நின்றால் மேளம் நிற்கும். அப்படி நின்ற இடத்தில்தான் ராகம் வளரும். மனோதர்மம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கற்பனை சங்கீதத்துக்கு மகாசபைகள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்னரே இடங்கொடுத்தது இத்தகைய கிராம வீதியே என்பது என் துணிபு.

பெரிய மேளம் என்று பெயர் பெற்ற இக்கோஷ்டியின் உயிர்நாடி மூன்று: நாகஸ்வரம், தவில், ஒத்து. ஆச்சா மரத்தில் கடைந்த குழலின் ஏழு துளைகளில் வித்வானின் விரல் விளையாடும். அவற்றுக்குக் கீழே உள்ள ஐந்து துளைகளில் வேண்டியவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள். புறப்பாட்டுக்கு முன் வித்வான் நாணல் சீவாளியை வாயிலிட்டு ஈரப்படுத்தி, உதட்டில் வைத்து ஊதிப் பார்த்து, மனத்துக்குப் பிடிக்காவிட்டால் குழலோடு நூலில் கட்டித் தொங்கும் வேறொன்றை எடுத்து மாட்டுவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு, அந்தச் சிறு நாணல் துண்டில் ஓர் இரவின் கீர்த்தி அடங்கியிருப்பது விளங்கும். தவில்காரர் வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டி, இடக்கையில் கழியைப் பிடித்து, பலாமரத்துத் தவிலைத் தோளில் தாங்கி நிற்பார். மூன்றாமவர் ஒத்துக்காரர்; பெரும்பாலும் சீடப்பிள்ளை. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சு வாங்கி, ஒரே சுரத்தை அறாமல் ஊதிக்கொண்டிருப்பது அவர் தொழில். சொந்தக் கருத்தில்லாதவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று உலகம் இகழ்கிறது. அந்த ஒத்து ஒரு கணம் அறுந்தால் வித்வானின் கற்பனை முழுவதும் நிலைதடுமாறும் என்பதை இகழ்பவர்கள் அறியார்கள்.

மேள வாத்தியம் அந்நாளில் செவிக்கு இன்பமாக மட்டும் இல்லை. கௌரவத்தின் சின்னமாகவும் இருந்தது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761 வரை தினசரிதை எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைத்த மரியாதைகளுள், பல்லக்கிலேறி வாத்திய கோஷத்துடன் கவர்னர் மாளிகைக்குள் செல்லும் உரிமையும் ஒன்று. அவர் காலத்தில்தான், கர்நாடக யுத்தங்களின் அமளியினிடையே, வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் வசமாயின. 1752-இல் பாகூரிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதினார்கள். ஆட்சி மாறிய பிறகும் தேர் நிற்கவில்லை. பிரெஞ்சு கவர்னரே வந்து வில்லியனூர்த் தேரின் வடம் தொட்டு இழுக்கும் சம்பிரதாயம் ஏற்பட்டது. 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி, இதே வில்லியனூர்ப் பகுதியிலுள்ள கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்த பிறகும் அச்சம்பிரதாயம் அழியாமல், இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார்.

வீதியில் வளர்ந்த இந்த இசையின் கருவியும் காலத்துக்கேற்ப வளர்ந்தது. முற்காலத்தில் வழங்கியது திமிரி என்னும் குறுகிய, உச்சச் சுருதி நாகஸ்வரம். நான்கு வீதிக்கும் கேட்பது அதன் பலம். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு நீண்ட பாரி நாகஸ்வரத்தை உருவாக்கி, தோடி ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்தபோது, தணிந்த சுருதியின் கம்பீரத்துக்குத் தமிழ்நாடே செவிசாய்த்தது. அவர் அடைந்த ஸ்வதந்திரம் புதிது. அதன் வித்து, தேர் நின்ற இடத்தில் ஒரு ராகத்தைத் தேர் புறப்படும்வரை வளர்த்த எண்ணற்ற மேளக்காரர்கள் விதைத்தது.

இந்த இடத்தில், கடல் கடந்த ஒரு பட்டணம் என் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர் 1718-இல் நிறுவிய நியூ ஆர்லியன்ஸும் நமது புதுச்சேரியும், 1719 முதல் 1731 வரை, ஜான் லா என்பவர் அமைத்த ஒரே வர்த்தகக் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தன. அவருடைய சகோதரர் மகன் லா தெ லோரிஸ்தோன் பிற்பாடு புதுச்சேரிக்கே கவர்னராக வந்தார். அந்த நியூ ஆர்லியன்ஸின் வீதிகளில், அடிமைத்தளையினின்று மீண்ட கறுப்பின மக்கள், ராணுவ பாண்டுக்குரிய வாத்தியங்களைத் தமதாக்கிக்கொண்டு, சவ ஊர்வலத்தில் இடுகாடு செல்லும்வரை துக்க கீதமும் திரும்பும்போது துள்ளல் இசையுமாக வாசித்து வளர்த்த பாணியே ஜாஸ் என்று உலகப் பிரசித்தி பெற்றது. மூவர் கூடிய ஒரு ஜாஸ் கோஷ்டியில் ஒருவர் கற்பனையில் பறக்க, ஒருவர் லயத்தால் தூண்ட, ஒருவர் ஆதாரத்தைத் தாங்கி நிற்கும் ஒழுங்கைக் கேட்கும்போது, வில்லியனூர் வீதியில் பழகிய செவிக்கு அது அந்நியமாகத் தோன்றுவதில்லை.

இவ்விரண்டு மரபுகளும் சந்திக்கும் காலமும் வந்தது. அடோல்ப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் உரிமை பெற்ற சாக்ஸபோனை, மைசூர் அரண்மனை பாண்டில் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத் (1949–2019), நாகஸ்வரக் கலைஞரின் புதல்வராதலால், அதில் கமகங்களைப் பேசவைக்கப் பல்லாண்டு பாடுபட்டு வெற்றி கண்டார். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹாண்டியுடன் சேர்ந்து வாசித்தார். இன்று தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் முகூர்த்த வேளையில் தவிலோடு சாக்ஸபோன் முழங்குவது சகஜமாகிவிட்டது. பாரிஸில் உரிமை பெற்ற கருவியைத் தவில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது.

ஆனால் இந்த வளர்ச்சியினிடையே ஒத்துக்காரர் மறைந்தார். முதலில் சுருதிப்பெட்டி வந்தது; பிறகு மின்சாரத்தால் ஒலிக்கும் சிறு பெட்டி வந்தது. சுருதிக்குக் குறைவில்லை. ஆயினும், குருவின் பக்கத்தில் நின்று, நான்கு வீதியும் ஒரே சுரத்தை ஊதியபடி, தன் விரலுக்கு வேலையில்லாத அந்த நேரமெல்லாம் ராகத்தின் போக்கைச் செவியால் பருகிய சீடப்பிள்ளைக்கு, அவ்வீதியே பாடசாலையாக இருந்தது. பெட்டி எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆகையால், வைகாசியில் வில்லியனூர் செல்பவர்கள் சுவாமி நின்ற இடத்தில் தாமும் சற்று நின்று, ராகம் முடியும்வரை கேட்கவேண்டும் என்பதே என் பிரார்த்தனை. வித்வானுக்குப் பக்கத்தில் ஒத்துப் பிடிக்க ஆள் இல்லாத இக்காலத்தில், அசையாமல் நின்று அவரைக் கேட்கும் அந்தப் பொறுப்பு நம்முடையது.