காலத்தை வாசிப்பவர் யார்?

கொழும்பிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதையில், வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே றொசல்ல என்னும் சிறு நிலையம் உண்டு. 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய இருப்புப்பாதை, 1885இல் நானுஓயாவை அடைந்தது. அந்தப் பதினோராண்டு இடைவெளியில் வெட்டப்பட்ட மலைச்சரிவுகளுள் றொசல்லவும் ஒன்று. தோட்டங்களின் விளைபொருளைத் துறைமுகத்துக்கு இறக்கிச் செல்ல வந்த அந்தப் பாதை, மலையகத்துக்குக் கடிகாரத்தையும் ஏற்றி வந்தது. அந்தக் கடிகாரத்தின் கதையை நாம் இன்று சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்கள் காலம் அறியாதவர்களல்லர். விடிவெள்ளியும் சேவலின் கூவலும் நிழலின் நீளமும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. தோட்டத்திலோ தப்புச் சத்தமே விடியலாயிற்று. இருள் பிரியுமுன் லயத்தை விட்டுப் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். பிந்தி வந்தவருக்கு வேலை மறுக்கப்படலாம். வேலை கிடைத்தாலும் நாள் முடிவில் அரைப்பேர்தான் விழலாம். கடிகாரம் துரையிடம் இருந்தது. செக்றோல் கணக்கப்பிள்ளையிடம் இருந்தது. உழைத்தவரிடம் இருந்தவை கூடையும் உடம்புமே. நேரத்தைப் பார்ப்பவர் ஒருவர், அந்த நேரத்தை உழைத்துத் தீர்ப்பவர் வேறொருவர் என்னும் பிரிவினையே தோட்டத்தின் ஒழுங்கு எனலாம்.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் 'தோட்ட நேரம்' தனியே வழங்கிவந்தது. 1906 ஜனவரியில் இந்தியாவுக்குப் பொது நேரம் வகுக்கப்பட்டபோது, பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் அதை எதிர்த்துக் கிளர்ந்தனர். தங்கள் வேலை நாளைத் தங்களைக் கேளாமலே எவரோ நகர்த்துகிறார் என்பதை அவர்கள் உணர்ந்தமையே அதன் காரணம். இலங்கையிலும் அதே 1906இல்தான், கிறீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 விநாடி முந்தியிருந்த நேரம் ஐந்தரை மணியாக மாற்றப்பட்டது. பத்தரை நிமிடம் எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை லயத்து மக்களுக்கு இருந்ததா?

இனி, நம் காலத்துக் கடிகாரத்துக்கு வருவோம். இன்று பள்ளி மேசையில் இருக்கும் கணினிக்குள்ளும் ஒரு பெரட்டு நடக்கிறது. படிகத்துண்டு ஒன்று ஓயாது துடிக்கிறது; ஓர் எண்ணி அத்துடிப்புகளை எண்ணுகிறது. 1981இல் வந்த ஐபிஎம் தனியாள் கணினியில் அந்த எண்ணி விநாடிக்கு ஏறத்தாழ 11,93,182 முறை இறங்கி எண்ணிற்று. பணிசெயல் முறைமையின் மையமான கர்னல் அதனை வாசித்து, எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிடுகிறது. மற்ற நிரல்கள் பொதுவாக அந்த எண்ணியைத் தாமே தொடுவதில்லை. கர்னலைக் கேட்டே காலத்தை அறிகின்றன.

அந்த வாசிப்பில் ஒரு நுட்பம் உண்டு. எண்ணியின் மதிப்பு பதினாறு இருமங்கள் கொண்டது. வாசிக்கும் வழியோ எட்டு இருமங்களே அகலமுடையது. ஆகவே கீழ்ப்பாதியை முதலிலும் மேற்பாதியைப் பின்னரும் படிக்க வேண்டும். எண்ணி 256இல் நிற்கும்போது கீழ்ப்பாதி சுழியம். அதைப் படித்துவிட்டு மேற்பாதிக்குச் செல்லுமுன் எண்ணி 255க்கு இறங்கிவிட்டால், மேற்பாதியும் சுழியம் என்றே வரும். இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது சுழியம்! எண்ணி அந்த நொடியில் காட்டாத ஒரு நேரம் அது. இதைத் தவிர்க்க, வாசிக்குமுன் மதிப்பைப் பிடித்து வைக்கும்படி கர்னல் ஓர் ஆணை இடுகிறது. எண்ணி தன் ஓட்டத்தை நிறுத்துவதில்லை. அக்கணத்தின் படி ஒன்று மட்டும் தனியே நிறுத்தப்படுகிறது. நிறுத்திய அந்தப் படியையே இரு பாதிகளாக வாசிப்பதால் கணக்கு பிழைபடுவதில்லை.

பாதி பாதியாக வாசிப்பவர் பொய்க்கணக்குக்கு ஆளாவார் என்பதைப் பொறியியலாளர் அறிந்து முறை வகுத்தனர். தோட்டத்திலோ காலையின் பிந்தல் ஒரு கணக்காகவும், மாலையின் மிகையுழைப்பு கணக்கில் சேராததாகவும் வாசிக்கப்பட்ட நாட்கள் எத்தனை! ஒரே நாளை உழைத்த பெண்ணுக்கு ஆணுக்குரிய நாட்சம்பளம் 1984 வரை கிட்டவில்லை என்பதும் பாதி வாசிப்பின் வரலாறே.

யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளின் கர்னல் 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து உலகப் பொது நேரத்தில் விநாடிகளை எண்ணுகிறது. கொழும்பில் மணி என்ன என்பதை அது தீர்மானிப்பதில்லை. அதற்கென உலகத் தன்னார்வலர்கள் பேணிவரும் பட்டியல் ஒன்று வெளியே உள்ளது. அதில் நம் தீவுக்குரிய வரிகள் ஒரு சிறு அரசியல் வரலாறாகும். 1942 ஜனவரியில் போரின்பொருட்டு அரை மணி முன்தள்ளல். செப்டெம்பரில் மேலும் அரை மணி. 1945 ஒக்டோபரில் பழைய நிலை. 1996 மே 25இல் ஒரு மணி முன்தள்ளல். ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கல். 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை. அந்தப் பத்தாண்டுகளும் புலிகளின் ஆட்சியிலிருந்த வடபகுதி பழைய நேரத்தையே கைக்கொண்டது. ஒரு தீவில் இரு கடிகாரங்கள்!

1996இன் மாற்றத்துக்குக் காரணம் வறட்சியும் மின்தட்டுப்பாடும். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி அன்று நீரிலிருந்தே பிறந்தது. அந்த நீரைத் தேக்கியவற்றுள் காசல்றீயும் மவுசாக்கலையும் றொசல்லவுக்கு அண்மையிலேயே உள்ளன. தேயிலை மலைகளின் மழையே நகரங்களுக்கு ஒளியாயிற்று. அதே மலைகளின் லயங்கள் பலவற்றுக்கோ அன்று மின்விளக்கு எட்டியிருக்கவில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரம் நகர்ந்தபோது, மிச்சப்படுத்த ஏதுமற்றவரும் இருளில் எழ வேண்டியதாயிற்று. சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கு எழும் நாட்டில், ஆறு மணிப் பெரட்டு நள்ளிரவின் வாலன்றி வேறென்ன? பிள்ளைகள் இருட்டில் பள்ளி செல்வதைக் குறித்து எழுந்த முறையீடுகள், 2006இல் பழைய நேரம் திரும்பியதற்கான காரணங்களுள் ஒன்றாயின.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! 1991இல் தொடங்கிய லினக்ஸ் கர்னலின் நிரல் வரிகள் எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றன. அது காலத்தை எவ்வாறு வாசிக்கிறது என்பதைத் தோட்டப் பள்ளி மாணவியும் வரிவரியாகச் சோதித்துப் பிழை கூறலாம். அவளுடைய பாட்டியோ தன் பெயருக்கு நேரே செக்றோலில் என்ன எழுதப்பட்டது என்பதை அறியாமலே வாழ்ந்தாள். கடிகாரத்தை வாசிக்கக் கற்பிக்கும்போது, கணக்கைக் கேட்கவும் சேர்த்துக் கற்பிப்போம். துடிப்பை எண்ணுவது எந்திரத்தின் வேலை. எண்ணியது சரிதானா என்று கேட்பது உழைப்பவரின் உரிமை.